ஓய்வுக்குப் பிறகு மலையகத்துக்கு: தொண்டுப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பென்ஷன் எடுத்த முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் நன்றாகவே போகும். தள்ளிப்போட்ட கண் சத்திரசிகிச்சை, போகாமல் விட்ட கோவில், பேரப்பிள்ளையை நேர்சரிக்குக் கூட்டிப்போவது என்று நாள் ஓடிவிடும். அதற்குப் பிறகு காலை எட்டு மணியானால் ஒரு வெறுமை வரும். முப்பது வருடமாக அந்த நேரத்துக்கு யாரோ நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தாதிமார், வங்கிக்காரர் என்று என்னோடு பேசிய பலருக்கும் உள்ள கவலை பணமோ உடம்போ மட்டும் இல்லை. இதுவும்தான்.

நான் வவுனியாவில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வருடத்தில் சில வாரங்கள் மலையகத்துக்கு, அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாட்டுக்கு, தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போய் வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து, இதேபோல் செய்ய நினைக்கும் ஒருவர் எங்கே தொடங்கி எப்படிப் போக வேண்டும் என்பதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அவர்கள் கேட்ட வேலையைச் செய்யுங்கள், அடுத்த வருடமும் அங்கேயே போங்கள். பத்துத் தோட்டத்துக்கு ஒரு தடவை போவதைவிட ஒரு தோட்டத்துக்குப் பத்துத் தடவை போவதில்தான் பலன் இருக்கிறது, அவர்களுக்கும் உங்களுக்கும். இரண்டாவது வருடம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது 'டீச்சர், பின்னம் இன்னும் விளங்கல்ல' என்று ஒரு பிள்ளை ஓடி வந்தால், தொலைந்துபோன அந்த எட்டு மணி திரும்பக் கிடைத்துவிடும்.

முதல் படி: உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தொண்டு என்றவுடன் பலருக்கும் படிப்பிப்பது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம் இவற்றுக்குத் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் போதாது என்பது உண்மை. நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்றால் இந்தப் படியில் யோசிக்க அதிகம் இல்லை.

ஆனால் என் கருத்தில், மலையகத்துக்கு மிகவும் தேவைப்படுகிற, ஆனால் யாரும் அனுப்பி வைக்காத ஆள் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்தான். பிரதேச செயலகத்திலோ தபாலகத்திலோ மாவட்டச் செயலகமான கச்சேரியிலோ வேலை செய்தவர், சிங்களமும் தமிழும் எழுதத் தெரிந்தவர், படிவம் என்றால் பயப்படாதவர். ஏன் என்று சொல்கிறேன். ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் வேறு மாதிரி இருப்பது அங்கே சாதாரணம். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சொன்னவருக்கு எழுதத் தெரியாது. ராமாயி ஒரு தாளில் ராமாய், மற்றொரு தாளில் ராமையா. இந்தப் பிழை வருடக்கணக்கில் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடக்கும். அந்த அம்மா வேலையை விட்டு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும் அன்றைக்குத்தான் அது முன்னால் வந்து நிற்கும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தை எடுக்கலாம். ஒரு வாழ்நாள் கொழுந்து பறித்த காசு ஓர் எழுத்துக்காகத் தேங்கி நிற்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கும்.

இதைத் தீர்க்க வழி இருக்கிறது. பிறப்புப் பதிவில் திருத்தம் செய்யப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். சில இடங்களில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசியும் கேட்பார்கள். வேலை பெரிதில்லை, அலைச்சல்தான் பெரிது. ஒரு நாள் அலைந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். கூடப் போய், எந்த வரிசை, எந்தப் படிவம், எந்த இணைப்பு என்று முதலே பார்த்து வைக்க ஒருவர் இருந்தால் மூன்று நடை ஒரு நடையாகிவிடும். அடையாள அட்டை விஷயமும் இப்படித்தான். 15 வயது நிரம்பியவுடன் விண்ணப்பிக்கலாம். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பாடசாலை வழியாகவே அனுப்ப வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழையும் வாங்கிப் பார்த்து, பிழை உள்ளதைப் பட்டியல் போட்டுக் கொடுத்தாலே அது ஒரு பெரிய தொண்டு.

தாதியாக இருந்தவர்கள், கணக்காளர்கள், தச்சு வேலை மின்வேலை தெரிந்தவர்கள், தையல் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. ஒரு தாளை எடுத்து, நீங்கள் இரண்டு மணி நேரம் யாருடைய உதவியும் இல்லாமல் ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் எழுதுங்கள். ஆசைப்படுவதை எழுத வேண்டாம். ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தவர் ஆங்கிலம் படிப்பிக்கப் போகக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

இரண்டாம் படி: அந்த மக்களின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மலையகத் தமிழரின் முன்னோர் கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து கால்நடையாக வந்தவர்கள். 1823 ஐத் தொடக்கமாக வைத்து 2023 இல் இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தார்கள். 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. 1867 இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார், அதுதான் பிறகு மலை முழுவதும் பரவியது. சுதந்திரம் கிடைத்த 1948 இலேயே குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. அந்த மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. குடும்பங்கள் உடைந்து பாதி அங்கே, பாதி இங்கே ஆயின. மிஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினைக்கு 2003 சட்டம் வந்த பிறகே முடிவு வந்தது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மலையகத்துக்கு வெளியில் இருந்து போய்த்தான் கல்வி கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு தவறு. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்த இர. சிவலிங்கம் போன்ற அந்த மண்ணின் ஆசிரியர்களே ஒரு தலைமுறையைத் தூக்கி நிறுத்தினார்கள். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள்தான் இன்று பல பாடசாலைகளைத் தாங்குகிறார்கள். நாம் போவது அவர்களுக்குக் கைகொடுக்க.

வடக்கில் இருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து மக்களைப் பற்றி நம் வீடுகளில் பேசிய பழைய பேச்சு அவர்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது. அதை அவர்கள் மறக்கவில்லை, மறக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. அங்கே உங்களுக்கு மரியாதை கிடைக்கக் கொஞ்சக் காலம் எடுக்கும். அது நியாயம்தான். கண்டிப் பக்கமாகப் போனால் கம்பளைக்கு அருகில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பக்கம், எந்த மாதம்

மலையகம் என்றால் ஒரே குளிர், ஒரே மழை என்று நினைக்க வேண்டாம். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மலையின் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும். வட்டவளை இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் கிழக்குச் சரிவு. அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் கனமழை, ஆடி ஆவணியில் காய்ந்து கிடக்கும். ஆகவே ஹட்டன் பக்கம் போகிறவர்கள் பெப்ரவரி, மார்ச்சைப் பாருங்கள். பதுளைப் பக்கம் போகிறவர்களுக்கு ஜூன், ஜூலை நல்லது.

குளிரும் இடத்துக்கு இடம் மாறும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், ஜனவரி இரவில் புல்லில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. ஹட்டன் 1,270 மீற்றர் அளவு. பதுளை நகரம் 700 மீற்றருக்கும் கீழே. மூச்சு இழுப்பு உள்ளவர்களும் மூட்டுவலிக்காரரும் பதுளை, பசறைப் பக்கத்தை முதலில் யோசியுங்கள்.

மண்சரிவை மறந்துவிட்டு மலையகப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனது காலை நேரத்தில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது, ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். அது வந்திருக்கும்போது போகாதீர்கள். போய் அங்கே இருந்தால், தங்கியிருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் மண் சரியும், இரவில் எந்தக் கட்டடத்துக்கு ஓட வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மாதத்தைத் தீர்மானிக்கும்போது பாடசாலை நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளை அதிபரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்னைய வாரங்களில் புதிதாக ஒருவர் வந்து வகுப்பைக் குழப்புவதை எந்த அதிபரும் விரும்ப மாட்டார். ஓய்வூதியக்காரர்கள் வருடத் தொடக்கத்தில் உயிர்வாழ் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டால் பென்ஷன் தடைப்படாது. சிவனொளிபாத மலைப் பருவம் டிசெம்பர் முதல் மே வரை நீளும். வார இறுதியிலும் பௌர்ணமிப் போயா நாட்களிலும் ஹட்டனில் அறையும் பஸ்ஸும் கிடைப்பது கஷ்டம்.

நான்காம் படி: அனுமதி

நேரே போய்ப் பாடசாலை வாசலில் நின்று 'நான் உதவி செய்ய வந்திருக்கிறேன்' என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முதலில் அதிபருக்கு ஒரு கடிதம். நீங்கள் யார், எங்கே என்ன வேலை செய்தீர்கள், எத்தனை வாரம் வர முடியும், என்ன செய்யத் தெரியும், தங்குவதும் சாப்பாடும் உங்கள் சொந்தச் செலவு, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள். கடைசியில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்: 'இதில் உங்கள் பாடசாலைக்குத் தேவையானது ஏதாவது இருக்கிறதா?' இல்லை என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

ஆம் என்றால் அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி பெற வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தை என்று கல்வி வலயங்கள் உண்டு. பதுளை மாவட்டம் ஊவா மாகாணத்தின் கீழ் வரும், ஆகவே கடிதம் போகும் வழி வேறு. அனுமதி வர வாரக்கணக்கு எடுக்கும். மூன்று நான்கு மாதம் முன்னரே தொடங்குங்கள். அடையாள அட்டைப் பிரதி, சேவைச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ் இவற்றை ஒரு கோப்பில் தயாராக வையுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் பொலிஸ் சான்றிதழைக் கொடுங்கள். பிள்ளைகளோடு பழகப் போகும் புதிய ஆள் நீங்கள், உங்களைச் சோதித்துப் பார்ப்பது அவர்களுடைய கடமை.

பாடசாலைக்கு வெளியே, தோட்டத்துக்குள் ஏதாவது செய்ய வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும். 1970 களில் அரசு எடுத்த தோட்டங்களின் நிர்வாகம் 1992 முதல் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. பாதையும் லயமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவும் அவர்கள் எல்லைக்குள் வரும். துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, அதிபர் மூலமாகவே ஒரு கடிதம் போவது நல்லது. அதோடு தோட்டத் தலைவர்மாரையும் கோவில் கமிட்டியையும் கண்டு பேசுங்கள். ஒரு தோட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சங்கங்கள் இருக்கும். ஒரு தலைவர் வீட்டில் மட்டும் தேத்தண்ணி குடித்தால் நீங்கள் அந்தச் சங்கத்து ஆள் என்று பெயர் வந்துவிடும். எல்லோரையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

தனியாகப் போகத் தயக்கம் என்றால் சர்வோதயம், கண்டியில் உள்ள சத்யோதய போன்ற நீண்ட காலமாக வேலை செய்யும் அமைப்புகளை அணுகலாம், கோவில், தேவாலயச் சமூகப் பணிக் குழுக்களையும் கேட்கலாம். பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு தொண்டுச் சுற்றுலா நடத்தும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவர்களிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நான் கொடுக்கும் பணத்தில் அந்தப் பாடசாலைக்கு எவ்வளவு போகிறது? தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். சிறுவர் இல்லங்களுக்கு இரண்டு வாரம் போய்ப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வரும் திட்டங்களில் சேரவே வேண்டாம். ஏற்கெனவே பிரிவைக் கண்ட பிள்ளைக்கு ஒட்டிப் பழகிய இன்னொருவரும் போய்விடுவது கொடுமை.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு: சுற்றுலா விசாவில் வேலை செய்ய இடமில்லை, சம்பளமில்லாத வேலை என்றாலும் அதே நிலைதான். அழைக்கும் அமைப்பின் கடிதத்தோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பொருத்தமான விசாவைக் கேட்டு எடுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஐந்தாம் படி: உடம்பும் பெட்டியும்

இந்த உயரத்தில் மலை நோய் வராது. கஷ்டம் படிக்கட்டிலும் ஈரத்திலும்தான் இருக்கிறது. பாடசாலை ஒரு மேட்டில், லயம் ஒரு பள்ளத்தில், பஸ் நிற்கும் இடம் இன்னொரு மேட்டில். புறப்பட ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் படி ஏறி இறங்கிப் பழகுங்கள். மூச்சு வாங்கினால் வைத்தியரிடம் போய் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர், சீனி மாத்திரைகளைத் தங்கும் காலத்துக்கும் ஒரு வாரம் கூடுதலாகவும் கொண்டு போங்கள். தோட்டத்து மருந்தகத்தில் உங்கள் மாத்திரை இருக்கும் என்று நம்ப வேண்டாம். பக்கத்துப் பெரிய வைத்தியசாலை எது என்று தெரிந்து வையுங்கள். ஹட்டன் பக்கத்துக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை, மற்றப்படி நுவரெலியா, பதுளை. அம்புலன்சுக்கு 1990, இலவசம்.

பெட்டியில் பிடிமானமுள்ள சப்பாத்து, ஸ்வெட்டர், குல்லா, நல்ல குடை, டோர்ச், சுடுதண்ணிப் போத்தல். அட்டைப் பூச்சிக்கு உப்போ சவர்க்காரமோ. இவ்வளவு போதும். தேயிலை மலை வழியாக நடக்கும்போது குளவிக் கூடு இருக்கும் மரத்தை உள்ளூர் ஆட்கள் காட்டுவார்கள், அந்த வழியை விட்டு விலகிப் போங்கள். குளவி கொட்டித் தொழிலாளர்கள் இறந்த செய்தி நீங்களும் படித்திருப்பீர்கள்.

யாழ்ப்பாணம், வவுனியாவில் இருந்து ரயிலில் போகிறவர்கள் பொல்காவலையில் இறங்கி மலையகக் கோச்சிக்கு மாறலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. நுவரெலியாவுக்கு இறங்கும் இடம் நானுஓயா. புயலுக்குப் பிறகு கோச்சி எதுவரை ஓடுகிறது என்று புறப்படும் வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 60 வயது தாண்டியவர்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டையையும் எடுத்து வைத்திருப்பது நல்லது.

தங்குமிடத்தைப் பாடசாலைக்குக் கிட்டவே பாருங்கள். ஆசிரியர் விடுதியில் ஓர் அறை, தேவாலயத்தின் தங்குமிடம், நகரத்தில் ஒரு குடும்பத்தோடு வாடகை அறை. லயத்தில் தங்குவதாகக் கேட்காதீர்கள். அங்கே ஒரு குடும்பத்துக்கே இடம் போதாது, நீங்கள் வந்தால் கட்டிலை உங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் தரையில் படுப்பார்கள்.

ஆறாம் படி: முதலில் ஒரு பார்வைப் பயணம்

நேரே ஒரு மாதம் தங்கப் போக வேண்டாம். முதலில் மூன்று நான்கு நாள் போய் வாருங்கள். அதிபரோடும் இரண்டு ஆசிரியர்களோடும் பேசுங்கள், பாதையை நடந்து பாருங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், இரவுக் குளிரில் தூங்கிப் பாருங்கள். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்தும் போக வேண்டும் என்று மனம் சொன்னால் போங்கள். வாழ்க்கைத் துணையையும் இந்தப் பயணத்தில் கூட்டிப் போவது நல்லது. ஒருவர் மட்டும் ஆசைப்பட்டுப் போய் மற்றவர் வீட்டில் தனிமையில் இருக்கும் தொண்டு நீடிக்காது.

ஏழாம் படி: அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்

காலையில் பெரியவர்கள் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்விடுவார்கள், கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும். தாய்மார் கொழுந்து நிறுத்து வீடு வர மாலை ஐந்து மணியாகும். இந்த இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. ஆகவே மூன்று மணி வகுப்பு படிப்புக்கும் உதவும், பாதுகாப்புக்கும் உதவும். ஆனால் இருட்டும் மூடுபனியும் வருவதற்குள் எல்லாப் பிள்ளையும் வீடு போய்ச் சேர வேண்டும். தோட்டத்தின் தூரத்துப் பிரிவான டிவிசன்களின் பிள்ளைகளை நாலரைக்கே அனுப்பிவிடுங்கள்.

சம்பள நாள் மாதம் 10 ஆம் தேதியை ஒட்டி வரும். அன்றைக்கும் மறுநாளும் பெற்றோர் கூட்டம் வைக்காதீர்கள், பிள்ளைகளின் வரவும் குறையும். கோவில் திருவிழா நாட்களில் வகுப்பே நடக்காது. நீங்களும் திருவிழாவுக்குப் போங்கள். காமன் கூத்து நடக்கும் மாசி மாதத்தில் அங்கே இருக்கக் கிடைத்தால் இரவு முழுக்க விழித்திருந்து பாருங்கள். வகுப்பில் வாய் திறக்காத பையன் அங்கே ஆடுவதைப் பார்த்தால் அவனைப் பற்றிய உங்கள் எண்ணம் மாறிவிடும்.

படிப்பிக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பாடப்புத்தகத்தில் சதவீதம் படிக்கும் பிள்ளைக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அம்மாவின் சம்பளத் துண்டில் இருக்கிறது. 2024 இல் ஒரு நாள் குறைந்தபட்சச் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் சட்டப்படி குறைந்தது 8 சதவீதம் பிடிப்பார்கள், அதாவது 108 ரூபாய். முதலாளி போட வேண்டியது குறைந்தது 12 சதவீதம், 162 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி போடுவது இன்னும் 3 சதவீதம். இன்றைய சம்பளத்தை வைத்து அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். பறித்த கிலோ, அரை நாள் பேர் (அரை நாள் சம்பளம்), பிடித்த அட்வான்ஸ் எல்லாமே கூட்டல் கழித்தல்தான். ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாயின் துண்டை வாசித்துக் காட்டிய பிறகு, கணக்கு யாருக்கோ உரிய பாடம் என்ற எண்ணம் அந்த வீட்டிலேயே போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: வகுப்பில் உண்மையான துண்டைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஒரு வீட்டின் கடன் மற்ற வீட்டுக்குத் தெரியக் கூடாது. நீங்களே ஒரு மாதிரித் துண்டு எழுதிக் கொடுங்கள்.

வகுப்பு ஆசிரியரை விட்டுவிட்டு எதையும் செய்யாதீர்கள். அவர் எதில் நிற்கிறார் என்று கேட்டு, அவர் விட்ட இடத்தில் இருந்து தொடருங்கள். பிள்ளைகள் முன்னால் அவரைத் திருத்துவது கூடவே கூடாது. நாம் சில வாரத்தில் கிளம்பிவிடுவோம், அந்தப் பிள்ளைகளோடு வருடம் முழுக்க இருப்பவர் அவர்.

எட்டாம் படி: பழகும் முறை

பிள்ளைகள் விஷயத்தில் சில கட்டுப்பாடுகளில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளின் படத்தை எடுத்து இணையத்தில் போடக் கூடாது. பிள்ளைகளோடு நேரடியாகத் தொலைபேசித் தொடர்பு வைக்கக் கூடாது, பேச வேண்டுமானால் ஆசிரியர் வழியாகவோ பெற்றோர் வழியாகவோ பேசுங்கள். ஏதாவது தவறு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் அதிபருக்குச் சொல்லுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

முதல் வருடம் பொருள் எதுவும் பங்கிட வேண்டாம். கொப்பியும் பேனையும் கொண்டுபோய் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தால், அன்றிலிருந்து நீங்கள் கொப்பி கொடுக்கும் ஆள். பாடசாலைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றால் அதிபரிடம் கொடுங்கள், உங்கள் பெயர் வேண்டாம். லயத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள், ரொட்டியும் சம்பலும் வைத்தால் சாப்பிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வேறு காரணம் நினைப்பார்கள், நினைக்கக் காரணமும் நம் பக்கத்தில் இருக்கிறது. வயதில் மூத்தவர்களை அம்மா, ஐயா என்று கூப்பிடுங்கள். தொழிலாளி என்பதற்காக யாரையும் ஒருமையில் பேசிவிடாதீர்கள்.

கடிதம் விஷயம் ஒன்று உண்டு. பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து கிடக்கும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், நேர்முகத் தேர்வுக் கடிதம் தாமதமாகக் கைக்கு வந்து வாய்ப்பை இழந்த பிள்ளைகள் உண்டு. உயர்தரம் முடித்த பிள்ளைகளிடம் பாடசாலை முகவரியையோ நகரத்தில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியையோ போடச் சொல்லுங்கள். இணையத்தில் முடிவு பார்க்கவும் விண்ணப்பிக்கவும் பழக்கிவிடுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

ஒன்பதாம் படி: நீங்கள் இல்லாத மாதங்கள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சில வாரம் உழைத்துவிட்டு வந்தால் அடுத்த வருடம் போகும்போது எல்லாம் பழைய இடத்தில் நிற்கும். அதற்கு மருந்து, உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையை, அந்தத் தோட்டத்திலேயே, முதல் வாரத்திலேயே கண்டுபிடிப்பது. நீங்கள் படிப்பிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாம் வாரம் அவர் படிப்பிக்கட்டும், நீங்கள் பின் வரிசையில் இருங்கள். நீங்கள் போன பிறகு வாரத்தில் இரண்டு மாலை அவர் வகுப்பை நடத்த, ஒரு சிறு கொடுப்பனவை அதிபருக்குத் தெரிய ஏற்பாடு செய்யுங்கள். பயணச் செலவைக் குறைத்தாவது அந்தக் கொடுப்பனவைக் கொடுங்கள். வாரம் ஒரு தடவை அவரோடு தொலைபேசியில் பேசுங்கள். எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் நிற்கிறது என்று கேளுங்கள். வீட்டில் இருந்தபடியே வினாத்தாள் எழுதி அனுப்பலாம், விடைத்தாளின் படத்தை அவர் அனுப்பினால் திருத்தியும் கொடுக்கலாம். என் வியாழக்கிழமை மாலைகள் இப்போது இதற்குத்தான். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், அந்த நேரத்தில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

படிவ வேலை செய்கிறவர்கள் ஒரு பதிவுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய விண்ணப்பம் எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் கொடுத்தது, அடுத்து என்ன என்று எழுதி, ஒரு பிரதியை அந்த உதவியாளரிடம் விடுங்கள். பாதியில் நின்ற விண்ணப்பம் தொடங்காத விண்ணப்பத்தைவிடக் கெடுதல், ஏனென்றால் அந்த அம்மா காத்திருப்பார்.

பத்தாம் படி: கால் முடியாமல் போகும்போது

ஒரு நாள் அந்தப் படிகளை ஏற முடியாமல் போகும். அதற்கு இரண்டு வருடம் முன்னரே அடுத்த ஆளைத் தேடத் தொடங்குங்கள். உங்களோடு வேலை செய்து இப்போது ஓய்வுபெறப் போகிறவர்களிடம் பேசுங்கள். சம்மதித்தால் ஒரு தடவை சேர்ந்தே போங்கள். அதிபருக்கும் தலைவர்மாருக்கும் கோவில் கமிட்டிக்கும் நீங்களே அறிமுகம் செய்யுங்கள். அனுமதிக் கடிதத்தில் அவருடைய பெயரையும் சேர்க்க வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். முதல் வாரம் நீங்கள் வகுப்பெடுங்கள், இரண்டாம் வாரம் அவர் எடுக்கட்டும். அவர் கணிதத்தை விட்டுவிட்டு ஆங்கிலம் படிப்பிக்க ஆசைப்பட்டால் அதையும் அதிபரிடமே கேட்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை தொலைபேசி அழைப்பை யார் எடுப்பது என்பதை மட்டும் கிளம்பும் முன் பேசி முடித்துவிடுங்கள்.